பதினோரு பெயர்கள்: நோவி கபாடியாவும் எழுதப்படாத நம் மைதானங்களும்

(அரியமங்கலத்தில் நிகழ்த்தப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு மூத்த தோழர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "பண்டிதர் பேரால நடக்குற கூட்டம். பௌத்தம் பேசலாம், பஞ்சமி நிலம் பேசலாம். நீ போய் கால்பந்துப் பத்திரிகையாளர் ஒருத்தரைப் பத்திப் பேசுறேங்கிறியே, இது நியாயமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலை என் வீட்டில் இருக்கும் ஒரு செய்தித்தாள் துண்டிலிருந்து தொடங்குகிறேன்.

1990களின் நடுப்பகுதி. எனக்கு அப்போது பதினைந்து வயதுக்குள் இருக்கும். அரியமங்கலம் என்றாலே திருச்சிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட காலம். நகரம் முழுவதும் கொட்டிய குப்பை நம் தலைமாட்டில்தான் மலையாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்தான் என் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் பந்து விளையாடினார்கள். ஒருமுறை வெளியூர்ப் போட்டி ஒன்றில் இறுதி ஆட்டம் வரை போய் ஜெயித்துவிட்டு வந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு நாளிதழில் இரண்டு அங்குல உயரத்துக்குச் செய்தி வந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், கோப்பை வழங்கியவர், வாழ்த்துரை சொன்னவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என எல்லாப் பெயரும் பட்டங்களோடு இருந்தன. ஆடிய பதினோரு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. "அரியமங்கலம் அணி" என்று மட்டும் இருந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் துண்டை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஒருநாள் எடுத்து நீட்டி, "இதுல உங்க அண்ணன் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். நான் "அரியமங்கலம்" என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அன்று நான் சொன்ன பொய்க்குப் பதில் தேடித்தான் சமூகவியல் படித்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் ஊர்ப்பெயருக்குள் கரைந்துபோகிறது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

பண்டிதருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பண்டிதர் ஒரு பத்திரிகையாளர். 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது "தமிழன்" ஆனது. 1914 மே மாதம் அவர் மறையும்வரை அதை நடத்தினார். அவருக்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் "பறையன்" இதழைத் தொடங்கியிருந்தார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரியில் "மூக்நாயக்" தொடங்கினார். நம் தலைவர்கள் ஏன் திரும்பத் திரும்பப் பத்திரிகைக்கே வந்தார்கள்? பதிவில் இல்லாதவர்களுக்கு உரிமையும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடிமதிப்பு எடுக்க வருபவரிடம் நம்மை என்னவென்று எழுதச் சொல்ல வேண்டும் என்பதைக்கூடப் பண்டிதர் ஒரு போராட்டமாகவே நடத்தினார்.

எழுத்தில் நம்மை நிறுத்துவதே பண்டிதரின் வேலை. அந்த வேலையைக் கால்பந்து மைதானத்தில் வாழ்நாள் முழுவதும் செய்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் தலித் அல்லர், தமிழரும் அல்லர். டெல்லியில் வாழ்ந்த பார்சி. பெயர் நோவி கபாடியா.

மூன்று வேலைகள் செய்த ஒரு மனிதர்

நோவி கபாடியா டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ குரு தேக் பகதூர் கால்சா கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தார். சம்பளம் வாங்கிய வேலை அது. மாலையில் மைதானத்துக்குப் போய்விடுவார். தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் கால்பந்து வர்ணனை செய்தார். நாளிதழ்களிலும் பத்திரிகைகளிலும் எழுதினார். ஒன்பது உலகக் கோப்பைப் போட்டிகளைப் பற்றிச் செய்தி தந்தார். "இந்தியக் கால்பந்தின் குரல்" என்றே அவரைச் சொன்னார்கள். 2017இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் பெயரைத் தமிழில் "வெறுங்காலிலிருந்து பூட்ஸ் வரை" என்று சொல்லலாம். இந்தியக் கால்பந்தை அறிய விரும்புகிற யாரும் தாண்டிப்போக முடியாத நூல் அது.

மூன்றாவது வேலை பலருக்குத் தெரியாது. டெல்லி லீக்கில் ஆடிய அசோகா கிளப் என்ற அணியை அவர் தொடங்கி நடத்தினார். அதில் தானும் ஆடினார். ஒரு சிறு கிளப்பை நடத்துவது என்றால் என்னவென்று இங்கே இருக்கிற அண்ணன்மார்களுக்குத் தெரியும். பந்து வாங்க வேண்டும், பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், வேலைக்குப் போகிற பையனுக்கு லீவு கேட்டுக் கொடுக்க வேண்டும், அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். உலகக் கோப்பையைப் பார்த்து எழுதிய கண்ணும் இந்தச் சில்லறை வேலைகளைப் பார்த்த கண்ணும் அவரிடம் ஒன்றாக இருந்தன. சமூகப் பணி என்று தனியாக ஒரு பலகை மாட்டிக்கொண்டு அவர் செய்யவில்லை. எழுதுகிற ஆளே கிளப்பும் நடத்தினார். அதனால் அவர் எழுத்தில் ஆட்டக்காரர் என்பவர் வயிறும் குடும்பமும் வேலையும் உள்ள மனிதராக வந்தார்.

டெல்லி கால்பந்தின் பெரிய ஆட்டங்கள் பல நடந்த இடத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். டெல்லி கேட் அருகில் இருக்கும் அம்பேத்கர் ஸ்டேடியம். கிரிக்கெட்டின் கோட்லா மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பணமும் கேமராவும் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம், பாபாசாகேப் பெயர் இந்தப் பக்கம். நம் நாட்டு விளையாட்டின் வரைபடத்தை இதைவிடச் சுருக்கமாக வரைய முடியாது.

வெறுங்கால் என்ற கதை

கபாடியாவின் நூல் தலைப்பிலேயே வெறுங்கால் இருக்கிறது. அந்த வெறுங்காலின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நாம் கவனிக்க வேண்டிய அரசியல் அதற்குள் இருக்கிறது.

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று வென்றது. வங்காளிகளில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்ட வெள்ளையனை வெறுங்கால் இந்தியன் வென்றான் என்று நாடு கொண்டாடியது. அன்று தொடங்கி வெறுங்கால் ஒரு தேசியப் பெருமை ஆனது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸோடு மோதியது. அணித்தலைவர் தலிமெரன் ஆவோ, நாகா பழங்குடியைச் சேர்ந்தவர், பின்னாளில் மருத்துவர். பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1-2 என்று தோற்றாலும் லண்டன் ரசிகர்கள் வியந்து பார்த்தார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடிவாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

இடையில் 1950. பிரேசிலில் உலகக் கோப்பை. இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரைக் கேட்டாலும், "வெறுங்காலோடு ஆடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால போகலை" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இதைக் கட்டுக்கதை என்று காட்டியவர்களில் கபாடியா முக்கியமானவர். உலகக் கோப்பையின் மதிப்பு அன்றைய சம்மேளன நிர்வாகிகளுக்குப் புரியவில்லை. ஒலிம்பிக்தான் பெரிது என்று நினைத்தார்கள். அனுப்பாதது அவர்கள் எடுத்த முடிவு.

தோழர்களே, இந்த இரண்டு விளக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகப் பாருங்கள். கட்டுக்கதையில் குற்றவாளி ஆட்டக்காரனின் கால். அவனுக்குப் பூட்ஸ் பழக்கம் இல்லை, அதனால் நாடு வாய்ப்பை இழந்தது. உண்மையில் குற்றவாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிர்வாகி. எழுபது ஆண்டுகளாகப் பழியை ஏழையின் காலில் போட்டுவிட்டு நிர்வாகம் தப்பித்துக்கொண்டது. நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினால் "அவங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்கிறார்கள் இல்லையா? அதே உத்திதான். ஒரு பத்திரிகையாளர் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்டி, ஆட்டக்காரர்களிடம் பேசி எழுதினால் இத்தகைய பழி உடைகிறது.

இன்னொன்றும் உண்டு. இதைக் கபாடியா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வெறுங்கால் யாருக்குப் பெருமை? ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்ன நாட்டில் நாம் வாழ்ந்தோம். செருப்புப் போட்டதற்காக அடிவாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு வெறுங்கால் என்பது தேர்வோ பெருமையோ ஆகாது. ஆகவே "அந்தக் காலத்தில் வெறுங்காலோடு ஆடினார்கள்" என்று ஒரு வரியைப் படித்தால், யார் பூட்ஸ் வேண்டாமென்று ஆடினார், யார் வாங்க வழியில்லாமல் ஆடினார் என்று பிரித்துக் கேட்க வேண்டியது நம் வேலை.

யார் ஆடினார்கள், எந்த வேலையில் இருந்து ஆடினார்கள்

கபாடியாவிடம் கற்க வேண்டிய அடுத்த விஷயம், ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வேலையைப் பார்ப்பது. இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று 1950களையும் 60களின் தொடக்கத்தையும் சொல்கிறோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். இரண்டுக்கும் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். அவருடைய கதையை வைத்து 2024இல் "மைதான்" என்ற இந்திப் படம் வந்தது. அவர் வளர்த்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கவனியுங்கள், போலீஸ் அணி. அந்த ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கியது போலீஸ் வேலைக்கு.

நம் பக்கமும் அப்படித்தான். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரின் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஒலிம்பிக்கிலும் ஜகார்த்தாவிலும் இந்தியாவின் கோலைக் காத்த பீட்டர் தங்கராஜ் ராணுவத்திலிருந்து வந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ஆடிய சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டுக்காரர். 1973இல் கேரளா முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். இந்த இரண்டு பெயரையும் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால், இந்த அரங்கில் எத்தனை கை உயரும்?

ராணுவம், போலீஸ், ரயில்வே, பஞ்சாலை, வங்கி, ஐ.சி.எஃப். இவைதான் இந்தியக் கால்பந்தைத் தாங்கின. அரியமங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனை பொன்மலையில் நின்றது. அதோடு மைதானங்களும் வந்தன. பந்து நன்றாக ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் தெருக்களில் ஒரு தலைமுறையையே ஓடவைத்தது. நிலம் இல்லாத, சிபாரிசு இல்லாத வீட்டுப் பையனுக்கு அவன் கால்தான் மனு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கிற ஒரு வேலை குடும்பத்தையே மாற்றியது. தங்கை படித்தாள், ஓட்டு வீடு மெத்தை வீடானது.

இந்த அமைப்பு பிறகு சரிந்தது. டெல்லியின் டி.சி.எம். கோப்பை 1990களின் இறுதியில் நின்றுபோனது. ரோவர்ஸ் கோப்பை 2001ஐத் தாண்டவில்லை. மஹிந்திரா யுனைடெட் 2010இலும், பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இலும் அணியைக் கலைத்தன. பின் 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. விளக்கு வெளிச்சமும் ஏலமும் வந்தன. உச்சியில் இருக்கிற சிலருக்குப் பெரிய தொகை கிடைத்தது. ஆனால் நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை என்ற படிக்கட்டு சுருங்கிப்போனது. தனியார்மயம் இடஒதுக்கீட்டை எப்படித் தின்கிறது என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். விளையாட்டு மைதானத்தில் அது எப்படி நடந்தது என்று யார் எழுதியிருக்கிறோம்?

எழுதாமல் விட்ட இடம்

கபாடியாவைப் புகழ்ந்துகொண்டே போக நான் வரவில்லை. அவர் எழுத்தில் ஊர் இருக்கிறது, மொழி இருக்கிறது, மதம் இருக்கிறது, தொழில் இருக்கிறது. சாதியை மையமாக வைத்து அவர் எழுதவில்லை. ஆங்கிலத்தில், டெல்லியிலிருந்து எழுதிய ஒருவரின் பார்வைக்கு எட்டிய தூரம் அது. மிச்சத்தை எழுத வேண்டியவர்கள் எழுதும் இடத்திலேயே இல்லை என்பதுதான் சிக்கல்.

1996இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் தேடிப் பார்த்தார். அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலைப் புரட்டினார், தொலைபேசியில் கேட்டார். ஒருவரும் கிடைக்கவில்லை. அதையே ஒரு கட்டுரையாக எழுதினார். பத்தாண்டுகள் கழித்து 2006இல் யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் மூவரும் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதில் தலித் ஒருவரும் இல்லை, பழங்குடி ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் செய்த ஆய்வில், பார்த்த 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்றுகூட இல்லை.

செய்தி ஆசிரியர் மேசையிலேயே இந்த நிலை என்றால், கோப்பை கொடுத்தவர் பெயர் வந்து ஆடியவர் பெயர் வராமல் போனதில் என்ன வியப்பு? அந்தச் செய்தியை எழுதிய நிருபர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. விழாக் குழு கொடுத்த தாளில் இருந்ததை எழுதினார். அந்தத் தாளை எழுதியவர்கள் ஆட்டக்காரர் பெயர் செய்தியாகும் என்று நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

சாதியைப் பதிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கிரிக்கெட்டில் ஒரு சான்று இருக்கிறது. பல்வங்கர் பாலு. சமார் வகுப்பில் பிறந்தவர். புனேயில் மைதானப் பணியாளாக இருந்து வெள்ளையருக்குப் பந்து வீசிக் கற்றவர். அவருடைய அணியினரே தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே நிறுத்தி மண் குவளையில் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் அணித்தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை இளைஞர் அம்பேத்கர் போற்றினார். பின்னாளில் 1937 தேர்தலில் அண்ணலை எதிர்த்துக் காங்கிரஸ் பாலுவையே நிறுத்தியது, பாலு தோற்றார். இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பழைய செய்தித்தாள்களில் கிடந்ததை ராமச்சந்திர குஹா தோண்டியெடுத்து 2002இல் நூலாக்கினார். அதே 1911இல்தான் மோகன் பகான் ஜெயித்தது. கிரிக்கெட்டுக்குப் பாலுவின் கதை கிடைத்துவிட்டது. கால்பந்தின் பாலுக்கள் யார்? தெரியாது. இல்லாததால் தெரியவில்லையா, எழுதாததால் தெரியவில்லையா?

கடைசி நாட்கள்

கபாடியா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நரம்பு செயலிழக்கும் கொடிய நோய் வந்தது. நடமாட்டம் போய்ச் சக்கர நாற்காலி வந்தது, பிறகு செயற்கைச் சுவாசக் கருவி. கல்லூரியில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தியவருக்கு ஓய்வூதியம் வந்து சேரவில்லை. நடைமுறைச் சிக்கலில் மாட்டிக்கொண்டது என்று செய்திகள் வந்தன. நண்பர்களும் மாணவர்களும் குரல் எழுப்பினார்கள். விளையாட்டு அமைச்சகம் 4 லட்சம் ரூபாய் உதவி கொடுத்தது. 2021 நவம்பர் 18 அன்று அவர் காலமானார்.

எத்தனையோ ஆட்டக்காரர்களின் பெயரையும் கோலையும் தலைக்குள் வைத்துக் காத்த மனிதரின் கோப்பு ஏதோ ஓர் அலமாரியில் நகராமல் கிடந்தது. பேராசிரியராக இருந்தவருக்கே இந்த நிலை. முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர், மாநிலத்துக்காக ஆடியதற்கான சான்றிதழை வெள்ளத்தில் தொலைத்துவிட்டு நலிந்தோர் உதவித்தொகைக்கு அலைந்தால் யார் நம்புவார்கள்? அவர் ஆடினார் என்று எழுதிய ஒரு செய்தித் துண்டு இருந்தால் அதுதான் சாட்சி. பதிவு என்பது பெருமைக்காக மட்டும் கேட்கிற பொருளாக இல்லை. அது வயிற்றோடு சம்பந்தப்பட்டது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் கறுப்பின மக்களுக்காக 1982 முதல் "தி வாய்ஸ்" என்ற இதழ் வருகிறது. அதன் விளையாட்டு ஆசிரியர் ரோட்னி ஹைண்ட்ஸும் ஒளிபரப்பாளர் லியோன் மானும் சேர்ந்து 2008இல் ஒரு பட்டியலைத் தொடங்கினார்கள். கால்பந்தில் ஆட்டக்காரராக மட்டுமின்றிப் பயிற்சியாளராக, நிர்வாகியாக, ஊடகத்தில், தெருமட்டப் பணியில் இருக்கிற கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுத்துப் பெயரோடு வெளியிட்டுப் பாராட்டும் பட்டியல். "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் முகத்துக்கு நேரே ஒரு பெயர்ப்பட்டியலை நீட்டுவது எவ்வளவு எளிய வேலை, எவ்வளவு கூரிய வேலை! லியோன் மான் அதோடு நிற்காமல் விளையாட்டு ஊடகத்தில் இருக்கும் கறுப்பினத்தவருக்கென ஓர் அமைப்பையும் கட்டினார்.

நம் வியாசர்பாடியைப் பாருங்கள். ரவுடிகள் பேட்டை என்று சினிமாவும் செய்தியும் முத்திரை குத்திய பகுதி. அங்கே முன்னாள் ஆட்டக்காரர்கள் சேர்ந்து முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்தும் பாடமும் சொல்லித்தந்தார்கள். அங்கிருந்து தனபால் கணேஷ் இந்திய அணி வரை போனார். அதற்குப் பிறகே "குட்டி பிரேசில்" என்று அதே ஊடகம் எழுதத் தொடங்கியது. பெயர்கள் வந்த பிறகு முத்திரை மாறுகிறது.

பெண்களையும் சொல்ல வேண்டும். 2018இல் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியச் சாம்பியன் ஆனது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து இந்திய அணிக்குப் போன இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். ஆண் கிரிக்கெட் வீரரின் தலைமுடி மாற்றத்துக்குக் கிடைக்கும் இடம்கூட இந்த வெற்றிகளுக்குக் கிடைக்கவில்லை.

இனி நாம்

பண்டிதர் காலத்தில் ஒரு பத்திரிகை நடத்த அச்சு வேண்டும், ஈயம் வேண்டும், சந்தா வேண்டும். இன்று ஒரு நோட்டும் கைபேசியும் போதும். ஆகவே மாணவர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறேன்.

முதலாவது, ஆட்டம் நடந்தால் இரு அணிகளின் பெயர்ப்பட்டியலையும் தலைப்பெழுத்தோடு பிழையில்லாமல் எழுதுங்கள். மாற்று ஆட்டக்காரர், நடுவர், கோடு போட்டவர் உட்பட. விருந்தினர் பெயரைக் கடைசியில் எழுதுங்கள், இடம் இருந்தால்.

இரண்டாவது, ஆட்டக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். காலையில் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் ஆடுகிறவரின் ஆட்டத்தை, அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் புரியும்.

மூன்றாவது, மைதானத்தின் வரலாற்றை எழுதுங்கள். அது புறம்போக்கா, ரயில்வே நிலமா, குளமா? யார் யாரை ஆடவிடாமல் தடுத்தார்கள்? எப்போது வேலி வந்தது? நம் ஊரில் குப்பைமலையைப் பிரித்தெடுக்கும் வேலை சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. மீளும் நிலம் யாருக்கு என்ற கேள்வியை இப்போதே பதிய வேண்டும்.

நான்காவது, ஆட்டத்தை நிறுத்திய பெண்களைத் தேடிப் போங்கள். எந்த வயதில், யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று கேளுங்கள்.

ஐந்தாவது கடினமானது. சாதியை எழுதலாமா? விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன ஓர் அண்ணனிடம் பேட்டி கேட்டேன். எல்லாம் சொன்னார். கடைசியில், "நான் எந்தத் தெருன்னு மட்டும் போடாதப்பா. ஆபீஸ்ல தெரியாது" என்றார். நான் போடவில்லை. அவர் ஒளித்துவைத்ததைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த அலுவலகத்தில் நாள்தோறும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர். அமைப்பின் சாதியை உரக்க எழுதுவோம். தனி ஒருவரின் சாதியை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுவோம். பெயரைக் கொடுக்கப் போன நாம் அவரிடமிருந்து எதையும் பறித்துவிடக் கூடாது.

இந்தச் சொற்பொழிவுக்குத் தயாராகும்போது அண்ணனிடம் அந்தச் செய்தித் துண்டைக் காட்டினேன். "இந்த மேட்ச்ல ஆடின பதினோரு பேரையும் சொல்லுண்ணே, எழுதிக்கிறேன்" என்றேன். அண்ணனுக்கு இப்போது ஐம்பது வயது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் இடமாக நின்று பார்த்துச் சொன்னார். ஒன்பது பெயர் வந்தது. கோல்கீப்பர் பெயர் வரவில்லை. இடதுபக்கம் தடுத்து ஆடியவர் பெயரும் வரவில்லை. "நல்லா ஆடுவான்டா அந்தப் பையன். செகண்ட் ஹாஃப்ல ரெண்டு கோலைத் தடுத்தான்" என்றார். பெயர் மட்டும் வரவில்லை.

முப்பது ஆண்டுகளில் இரண்டு பேரை இழந்துவிட்டோம். அம்மா இப்போது இல்லை. அந்த ஒன்பது பெயரையும் துண்டின் பின்பக்கத்தில் எழுதி, அதே உறையில் வைத்திருக்கிறேன். பத்தாவதும் பதினோராவதும் காலியாக இருக்கின்றன. இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால், போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.